கோழிக்குப் பதில் முட்டை

சீனுவாசன் இரண்டாம் முறையாகக் கதவைத் தட்டினான். உள்ளே அம்சா மூச்சுக் காட்டவில்லை.

கிளியனூர்க் கொல்லையில் பொழுது சாய்ந்து, வரப்பு மட்டும் வெள்ளையாகத் தெரிகிற நேரம். எதற்காக வண்டியைவிட்டு இறங்கினோம் என்பது சட்டென்று நினைவுக்கு வரவில்லை. கிணற்று மோட்டாரை நிறுத்தத்தான் இருக்கும்.

வண்டி என்றால் இழுத்துக்கொண்டு போகிற மர வண்டி. ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி, போகிற ஊரில் நிறுத்தி, இரண்டு பேர் உள்ளே படுத்துத் தூங்கலாம். பின்மூடியைத் தூக்கினால் அடுப்பு. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, சொட்டப்போகும் நீர்த்துளி மாதிரி இருக்கும் என்று தன் கிடங்கில் எல்லோருக்கும் படத்தைக் காட்டித்தான் சீனுவாசன் வேலையைத் தொடங்கினான்.

திண்டிவனம் வேர்க்கடலை மண்டிக்காரர்களின் கண்ணுக்கு அது உரிக்காத மல்லாட்டையாகத் தெரிந்தது. புருசனும் பெண்டாட்டியும் ரெண்டு பருப்பாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டால் தோலை யார் உரிப்பது என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அம்சாவுக்காகச் செய்தது. மூட்டையோடு மூட்டையாகக் கிடக்கிறேன், ஒரு ஊர் காட்டியதுண்டா என்று கிடங்கில் உட்கார்ந்து அவள் சொன்ன குறையை மட்டும் அவன் பேரம் பேசாமல் ஏற்றுக்கொண்டான்.

மற்றதெல்லாம் பேரம்தான். விக்கிரவாண்டியில் சாலையை அகலமாக்க வெட்டிச் சாய்த்திருந்த வாகை மரத்தைப் பேசி முடித்தான். விலை படியவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவான். பின்னாலிருந்து கூப்பிட்டே தீருவார்கள். அந்த நடைதான் அவனுடைய மூலதனம்.

மரம் கிடங்குக்கு வந்தது. அறுபட்டது. சட்டமானது. ஈரச் சாக்கைப் போர்த்தி ஊறவைத்த பிளைவுட், மேலே வளைந்து மூடிக்கொண்டது.

எல்லாம் முடிந்த பிறகு ஆசாரி அப்பாதுரை கோழி கேட்டார். ஆள் படுக்கிற எதுவும் வீடுதானாம். மரத்தில் குடியிருந்ததைக் கோழி அறுத்து, தச்சு கழித்து அனுப்ப வேண்டுமாம். அனுப்பினாலும், முதல் நாள் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்காரன் குரலிலேயே வந்து கதவைத் தட்டும். திறக்காமல் இருந்துவிட்டால் அதுபாட்டுக்குப் போய்விடும் என்றார்.

வீட்டுக்குத்தான் கோழி, வண்டிக்கு எலுமிச்சம்பழம் போதும், இது வண்டி என்று சீனுவாசன் ஒரே பிடி.

ஆசாரி உளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சீனுவாசன் அசையவில்லை. அம்சாவுக்குத்தான் பொறுக்கவில்லை. யாராவது முகம் வாடித் திரும்பிப் போனால் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பாவம், பாவம் என்று வாசல்வரை ஓடிப்போய்க் கூட்டி வந்தாள்.

கடைசியில் ஒரு முட்டையில் பேரம் முடிந்தது.

இப்போது அதே அம்சா, ஆசாரி பேச்சை நம்பி, கட்டின புருசனை வெளியே நிற்க வைத்திருக்கிறாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பொழுது சாய்ந்தால் கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போகிற கொல்லை அது. என்ன அதிர்ஷ்டமோ, ஒன்றுகூட அவனை அண்டவில்லை.

ஆதாரம் சொல்லத் தொடங்கினான். எந்தப் பலகையில் எந்த இடத்தில் முடிச்சு இருக்கிறது. எந்த ஆணி வளைந்து உள்ளேயே நின்றுபோனது. எந்த மூலையில் அவள் டீயைக் கொட்டிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று முந்தானையால் துடைத்தாள். அவள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோதெல்லாம் தனக்கு முதுகு சிலிர்த்ததைக்கூடச் சொன்னான்.

அந்தக் கைக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டால் போதும். வேறெதுவும் வேண்டாம்.

பிறகு, பலகையில் வாயை வைத்துப் பேசுவது போல அம்சாவின் குரல் கிட்டத்தில் வந்தது.

"அதெல்லாம் கெடங்குல நடந்ததுங்க. நம்ம கல்யாணத்தன்னிக்கு எம் மால எங்க அறுந்து வுழுந்துச்சு? அத்தச் சொல்லுங்க, தொறக்கறேன்."

இவ்வளவுதானா என்று வாயைத் திறந்தான்.

கல்யாணம்.

மரம் கிடங்கில் வந்து இறங்கிய நாள் நன்றாக நினைவிருந்தது. அதற்கு முன்னால் போனால் வெயில். லாரி இரைச்சல். புழுதி. இருட்டும் நேரத்தில் தலைமேல் காக்கைகள் வந்து அடைவது. எந்த மழைக்கும் ஒதுங்காமல் சாலையோரத்தில் ஒரே இடத்தில் நின்றது.

மாலை எங்குமே இல்லை.

உள்ளே ஓர் ஆண் குரல் சிரித்தது. அவன் குரல்தான்.

"மயிலம் கோயில் படி எறங்கச்சொல்ல அறுந்துச்சு. கோழிக்கு பதிலா முட்டைக்கு ஒத்துக்கின ஆளு அது, தானா பூடும். நீ படு."

அந்தப் பேரத்தில் ஏமாந்தது யார் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுபடி தட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. திரும்பி நடந்தான்.

களத்தில் கொட்டிக் கிடந்த மல்லாட்டைத் தோலைத் தேடித் தேடி மிதித்தான். நொறுங்குகிற சத்தம் வண்டிக்குள் கேட்க வேண்டும். தலை தொங்கியவன் போகிற நடையாக, அடிக்கு அடி நிறுத்தி, மெதுவாக.

கூப்பிடு தூரம் வந்ததும் நின்றுகொண்டான்.

"பாவம்" என்றாள் அம்சா.

உள்தாழ்ப்பாள் விலகியது.