பல் தடம்

தரையெல்லாம் பிளாஸ்டிக் விரித்து, முகமூடி போட்டுக்கொண்டு, ஜன்னல் சட்டத்தில் புதுப் பெயிண்ட்டுக்கு அடியிலிருந்த பழைய பச்சைப் பெயிண்ட்டைத் தண்ணீர் தெளித்துச் சுரண்டிக்கொண்டிருந்தார் லூர்து. நனைக்காமல் சுரண்டினால் அதிலுள்ள ஈயம் தூசியாக வீடெல்லாம் பறக்குமாம்.

"இங்க எலி கடிச்சிருக்கா சார்?"

"எம் பொண்ணு," என்றார் சபேசன்.

பல் முளைத்த புதிதில், பூவிழி அங்கே நின்று தெருவைப் பார்த்தபடி கடித்த இடம் அது. வந்தவர்களிடமெல்லாம் சபேசன் அதைக் காட்டிச் சிரித்திருக்கிறார். போன பொங்கலுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோதும், "அந்த இடத்த மட்டும் விட்டுருங்க" என்று தடுத்தவர் அவர்தான். விட்ட இடத்திலேயே குழந்தை திரும்பத் திரும்ப வாய் வைத்தாள். இப்போது இரண்டரை வயது. இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பது காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிப் பதினோரு நாளாகிறது.

லூர்து சுரண்டியை அந்த இடத்திலிருந்து விலக்கினார்.

"இத வேணா கடைசியா எடுக்கட்டுமா சார்?"

"இல்ல. மொதல்ல இத எடுங்க."

தண்ணீர் பட்டதும் நான்கு பல் தடங்களும், இப்போதுதான் கடித்தது போல, ஈரமாக மின்னின.