கொஞ்சம் அட்ஜஸ்ட்

கூண்டு இரண்டு கோழிக்குத்தான், அடைத்ததோ மூன்று.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க, தங்கச்சி" என்றது சேவல். சின்னப் பெட்டை இறக்கையை ஒடுக்கிக்கொண்டது. சேவல் காலை நீட்டியது.

"இன்னும் கொஞ்சம்."

சின்னது கழுத்தைக் கம்பிக்கு வெளியே விட்டது. கம்பி தொண்டையை அழுத்தியது.

"மூச்சு முட்டுது அண்ணே. ஒருதரம் நீங்க பண்ணக் கூடாதா?"

"சொல்றவன் எந்த ஊர்ல பண்ணியிருக்கான்?"

மூலையிலிருந்த கிழட்டுப் பெட்டை முந்திக்கொண்டது. "என்னைப் பார்க்காதே. நான் போன கூண்டுலயே பண்ணியாச்சு."

சின்னதுக்குக் கண் செருகியது. அப்போது கூண்டு திறந்தது. ஒரு கை உள்ளே வந்து, கொழுத்ததாகப் பார்த்து, சேவலைக் காலோடு பிடித்து இழுத்துக்கொண்டு போனது. வெளியே ஒரு கூவல் பாதியில் நின்றது.

சின்னது கழுத்தை உள்ளே இழுத்து மூச்சு வாங்கியது.

இடம் பண்ணிக் கொடுத்தவர் கறிக்கடைக்காரர்.