தீவிலிருந்து ஒரு தூது

“அவ முகத்துல முழிக்கதுக்குப் பதிலா நான் கடல்லயே விழுந்திருவேன்” என்றாள் உலகம்மை.

கடல் பக்கம் இருந்தது அவள் இல்லை, மகள் முத்துச்செல்வி. கொச்சியில் புருஷனோடு உல்லாசக் கப்பல் ஏறியவள், அன்று காலையில்தான் பேர் வாயில் நுழையாத ஒரு தீவில் இறங்கியிருந்தாள். செல்போன் திரையில் அவளுக்குப் பின்னால் வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீரும், வெகுதூரத்தில் பொம்மை மாதிரி ஒரு கப்பலும் தெரிந்தன.

உலகம்மை உட்கார்ந்திருந்தது ஐந்தருவியில், பெண்கள் குளிக்கிற பக்கத்துப் படிக்கட்டில். சாரல் படாமல் போனை முந்தானையால் மூடி, தன் முகம் மட்டும் தெரியும்படி கிட்டத்தில் பிடித்திருந்தாள்.

“தென்காசியில இருந்து தனியாவாம்மா வந்தே?”

“பஸ்ல ஏறினா குத்தாலம். இதுக்குத் துணை வேற வேணுமாக்கும்?”

“தலையில யாரு கை அது?”

“எண்ணெய் தேச்சுவிட ஒருத்தி இருக்கா. நீ விசயத்துக்கு வா.”

தேய்த்துக்கொண்டிருந்த கை சற்று நின்றுவிட்டு, மறுபடி தேய்த்தது.

விஷயம் இதுதான். உலகம்மையும் சம்பந்தி சங்கரேஸ்வரியும் ராசியாக வேண்டும். இருவரும் கணவரை இழந்து தனியாக இருப்பவர்கள்; இவள் தென்காசியில், அவள் அச்சன்புதூரில். இரண்டு வீட்டையும் பூட்டிவிட்டு இருவரையும் தங்கள் பெங்களூர் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. அங்கே அம்மாக்களுக்கென்று இருப்பது ஒரே அறை. அதில் இரண்டு கட்டில்கூட வாங்கிப் போட்டாயிற்று.

உலகம்மை ஒரு தடவை அந்த வீட்டில் போய் இருந்து பார்த்தவள். பதினாலாவது மாடி. பேச ஆளில்லாமல், பால்கனிக்கு வந்த புறாவிடம் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் ஒருநாள் பாதிக் கதையில் பறந்து போய்விட்டது.

“ஒரே ஒரு தடவை அத்தைகிட்டப் பேசும்மா.”

“நானா? மறுவீட்டு விருந்துச் சொதியில தேங்காப்பாலுக்குப் பதிலா தண்ணி ஊத்தி வச்சிருக்குன்னு சபையில வச்சு சொன்னவகிட்டயா? ஒரு பந்திக்கு ரெண்டு பந்தி உக்காந்து தின்னுட்டுல்லா சொன்னா.”

தலையில் இருந்த கை மறுபடி நின்றது. இந்தத் தடவை கொஞ்சம் கூடுதல் நேரம்.

திரைக்குள் மாப்பிள்ளை நாறும்பூநாதன் எட்டிப் பார்த்தான். தலையில் ஓலைத் தொப்பி, கையில் இளநீர்.

“அத்தை, எங்கம்மாவும் உங்களை மாதிரியேதான் பேசுதாங்க. நேத்து கப்பல்ல இருந்து கூப்பிட்டேன். உங்க பேரை எடுத்ததுமே போனை வச்சிட்டாங்க.”

“பாத்தியளா மாப்பிள்ளை, எம்புட்டு வீம்புன்னு? உங்கம்மான்னு பாக்கேன், இல்லேன்னா இன்னும் நாலு வார்த்தை சொல்லுவேன். அவியளும் நானும் ஒரே ரூம்ல இருந்தா விடியறதுக்குள்ள போலீஸ் வந்துரும்.”

மாப்பிள்ளை இளநீரை உறிஞ்சியபடி ஒதுங்கிக்கொண்டான். முத்துச்செல்வியின் கண் கலங்கிவிட்டது.

“இங்க எல்லாரும் கடல்ல குதிச்சு ஆடுதாங்கம்மா. கண்ணாடி மாதிரி தண்ணி, அடியில மீன் போறது தெரியுது. நான் மட்டும் மணல்ல உக்காந்து உங்க பஞ்சாயத்தைப் பேசிக்கிட்டு இருக்கேன். அங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில தனியாக் கெடக்கிய. ராத்திரி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு இருக்கா? நினைச்சா எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குதும்மா.”

உலகம்மைக்கு அவள் ஒற்றைப் பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு ஆசைப்பட்டு எங்காவது போனது இதுதான் முதல் தடவை. அங்கே போயும் அழுகிறதே. போகட்டும், சரி என்று சொல்லிவிடலாமா? வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“ஏட்டி செல்வி, அழாத. நான் வேணும்னா…”

எண்ணெய்க் கை உச்சந்தலையில் நச்சென்று ஒரு தட்டுத் தட்டியது.

உலகம்மை சுதாரித்துக்கொண்டாள். “நான் வேணும்னா தினமும் உனக்குப் போன் பண்ணுதேன். ஆனா அவகூட ஒரு கூரைக்குக் கீழ இருக்கச் சொல்லாத. அது இந்த சென்மத்துல நடக்காது.”

அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதினார்கள். கப்பலுக்குத் திரும்பும் படகு கிளம்பப் போகிறதாம். மாப்பிள்ளை மறுபடி திரைக்குள் வந்தான்.

“சரி அத்தை, விடுங்க. நாளைக்கு எங்கம்மாகிட்ட கடைசியா ஒரு தடவை பேசிப் பாக்குதேன். அவங்களும் முடியாதுன்னுட்டா அந்தக் கட்டிலை வித்திருதேன். நீங்க அங்கனயே இருங்க, நாங்க மாசாமாசம் வந்து பாத்துக்கிடுதோம்.”

“நல்லா இருங்க மாப்பிள்ளை. பிள்ளையக் கடல்ல கொஞ்சம் எறக்கி விளையாட விடுங்க.”

திரை அணைந்தது. உலகம்மை போனைப் பாலிதீன் பைக்குள் போட்டுச் சுருட்டினாள். முந்தானையால் கண்ணை ஒரு தடவை ஒற்றிக்கொண்டாள். எதிரே ஐந்து கிளையாகத் தண்ணீர் ஹோவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் இருந்தவள் கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயை அவள் உச்சியில் வழித்துவிட்டுச் சொன்னாள்:

“கவலைப்படாதிய சம்பந்தி, நாளைக்கு நான் உங்களை ஏசுதேன்.”