தும்மல் வராத ஞாயிறு

தோணியில் போன புருஷன் திரும்பி வரும்போது மூக்குப்பொடி காய்ந்திருக்கக் கூடாதென்று சலேத்தம்மாள் அதை வாழைப்பட்டையில் மடித்து, டப்பாவில் இறுக மூடிவைத்திருந்தாள். ஞாயிறுதோறும் ஒரு சிட்டிகை உறிஞ்சிப் பார்ப்பாள். தும்மல் வந்தால் காரம் இருக்கிறதென்று அர்த்தம். வராவிட்டால் புதுசு வாங்கிவைப்பாள். இந்த ஞாயிறு தும்மல் வரவில்லை. உடனே வாங்கிவந்த புதுப்பொடிக்கும் வரவில்லை.

“கடைக்காரன் ஏமாத்திட்டான் பாரு” என்று பக்கத்து வீட்டுப் பிலோமியிடம் டப்பாவை நீட்டினாள்.

ஒரு சிட்டிகைதான். பிலோமி அடுக்கடுக்காகத் தும்மிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நெருப்பால்லா இருக்கு, அக்கா! பதினோரு வருஷமா இழுக்கீக, ஒங்க மூக்குக்குப் பழகிப்போச்சு.”

சலேத்தம்மாள் டப்பாவை அழுத்தி மூடினாள்.

“அப்போ இனிமே ஞாயித்துக்கிழமை நீ வந்து பாத்துச் சொல்லு.”