இடது கை தூக்கியவர்கள்

"மேடம், இது சுத்தப் பித்தலாட்டம்!"

பின் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தாள் மைக்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அதுதான் அவள் பெயர். எந்தக் கூட்டத்தில் யார் பேசினாலும், கடைசியில் மைக் அவள் கைக்கு வந்துவிடும். பேராசிரியையே அப்படித்தான் கூப்பிடுவார்.

கணக்குப் பாடத்தை முடித்துவிட்டு, சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளாகக் கரும்பலகை ஓரம் நின்றவன் முட்டுக்கட்டை. அவளோடு படிக்கிறவன். அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான்.

முன்பு ஒருநாள் கல்லூரியில், குறையுள்ள பிள்ளைகளையும் மற்றவர்களோடு சேர்த்துப் படிக்க வைக்கும் உள்ளடக்கிய கல்வி பற்றி ஒரு கருத்தரங்கு. "எல்லாக் குழந்தையும் ஒரே வகுப்பில்! இது சலுகை இல்லை, உரிமை!" என்று மேஜை அதிரப் பேசினாள் மைக்; முதல் பரிசும் அவளுக்குத்தான். அவளுக்கு அடுத்துப் பேச எழுந்தவன் இவன்.

"எனக்குப் பயமா இருக்குங்க. எப்படிச் செய்யணும்னு யாரும் சொல்லித் தரலையே. நான் பாட்டுக்கு ஏதாவது தப்பாப் பண்ணிட்டா, பாவம் அந்தக் குழந்தை."

"பயமா இருந்தா, பேசாம உங்க அண்ணன் மளிகைக் கடையில பொட்டலம் மடிக்கப் போங்க!" என்றாள் மைக். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

விதி, இருவரையும் பயிற்சிக்கு ஒரே பள்ளிக்கு, ஒரே ஆறாம் வகுப்புக்கு அனுப்பியது. அவள் அறிவியல், இவன் கணக்கு. முதல் பெஞ்சில் திக்கிப் பேசும் ஒரு சிறுமி.

மைக் விடுவாளா? தினமும் முதல் கேள்வி அந்தச் சிறுமிக்குத்தான். பதில் வர எவ்வளவு நேரமானாலும் சிரித்த முகமாகக் காத்திருப்பாள். வந்ததும், "எல்லாரும் கைதட்டுங்க!" வகுப்பே கைதட்டும். வேறு யார் பதில் சொன்னாலும் அந்தக் கைதட்டல் கிடையாது.

முட்டுக்கட்டையோ அந்தச் சிறுமியிடம் இதுவரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

இன்று அவன் பாடம் நடத்துவதற்கு மதிப்பெண் போடப் பேராசிரியை வந்திருக்கிறார். போன வருஷம் இதில் தோற்றவன் அவன். இந்தத் தடவையும் போனால் பொட்டலம்தான்.

"என்னம்மா பித்தலாட்டம்?" என்றார் பேராசிரியை.

"இவர் எதைக் கேட்டாலும் வகுப்பு மொத்தமும் கை தூக்குது. கவனிச்சீங்களா மேடம்?"

"கவனிச்சேன். அசந்துட்டேன்."

"அசராதீங்க! சில பேர் வலது கை, சில பேர் இடது கை. இவர் வலது கைக்காரங்களை மட்டும்தான் கேக்குறார். வலதுன்னா தெரியும், இடதுன்னா தெரியாது! வர்றவங்க கண்ணுல மண்ணைத் தூவுற வேலை. அதோ அந்தப் பொண்ணு, பீரியட் பூரா இடது கை. எங்கிட்ட எவ்வளவு அழகா பதில் சொல்றவ! அவளை மக்குன்னு முத்திரை குத்தி உக்கார வெச்சிருக்கார்!"

பேராசிரியையின் பேனா நின்றது. "அப்படியாப்பா?"

அவன் தலையைச் சொறிந்தான். "கை விஷயம் நிஜம்தான் மேடம். ஆனா அர்த்தம் எங்களுக்குள்ள பேசி வெச்சது. பிள்ளைங்க சொன்னா சொல்லட்டும், நான் சொல்லக் கூடாது."

"மாட்டிக்கிட்டா இப்படித்தான் பேசுவாங்க" என்று பக்கத்தில் இருந்த இன்னொரு பயிற்சி மாணவியிடம் முணுமுணுத்தாள் மைக். பள்ளிக்கூடத்துக்கே கேட்டது.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பொடியன் வலது கையைத் தூக்கினான்.

"வலதுன்னா, கேளுங்க. இடதுன்னா, இன்னைக்கு என்னைக் கேக்காதீங்க. அவ்வளவுதான் மேடம். ஏன்னு சார் கேக்க மாட்டார். அப்புறமா பெஞ்சுக்கே வந்து, போட்ட கணக்கைப் பார்ப்பார். எனக்கு நேத்து பல் ஆடிச்சு. நேத்து பூரா நானும் இடது."

"ரெண்டு கையும் தூக்கினா?"

"பாத்ரூம் மேடம்."

பேராசிரியை சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். மைக்குக்கு முகம் சிவந்தது. தோற்றுப்போய் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை.

"கதை! அந்தப் பொண்ணே சொல்லட்டும் மேடம். எழுந்திரும்மா! என் கிளாஸ்ல எவ்வளவு தைரியமாப் பேசுவே! சொல்லு!"

எல்லாத் தலைகளும் முதல் பெஞ்சுக்குத் திரும்பின.

சிறுமி உட்கார்ந்தபடியே இடது கையைத் தூக்கினாள்.

"பார்த்தீங்களா? நான் வளர்த்த தைரியத்தை இவர் எப்படிக் கெடுத்து வெச்சிருக்கார்!"

முட்டுக்கட்டை மேடத்தின் பேனாவை ஒருமுறை பார்த்தான். பிறகு சிறுமியிடம், "உன் இஷ்டம்மா. வேணாம்னா வேணாம். ஒண்ணும் ஆகிடாது" என்றான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். இடது கையை இறக்கினாள். வலது கையைத் தூக்கினாள். எழுந்தாள்.

"உ... உங்க கிளாஸ்ல..."

நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"...நான் ஒரு நா... நாள்கூடக் கையே தூக்கினது இல்ல மிஸ்."

மைக் பழக்கிவிட்ட பழக்கம், வகுப்பே கைதட்டியது.

பேராசிரியை பின் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "என்னம்மா மைக், இதுக்கு நீ என்ன சொல்றே?"

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, மைக் மெல்ல இடது கையைத் தூக்கினாள்.