நான்காம் முறை ஒழுகிய விளக்கு

மன்னார்த் தீவிலிருந்த அந்த விடுதியின் நீச்சல் குளத்தில் பணியாளர் எவரும் கால் நனைப்பதில்லை. அப்படியொரு சட்டத்தை யாரும் எழுதியோ சொல்லியோ வைக்கவில்லை. ஆயினும் எல்லோரும் கடைப்பிடித்தார்கள். பழுதுபார்க்கும் வேலை மட்டுமே விதிவிலக்கு.

அந்த மாதத்தில் நான்காவது தடவையாகக் குளத்துச் சுவர் விளக்கைச் சுற்றித் தண்ணீர் ஒழுகியது. குளத்தை வடித்தால் உட்புறம் போர்த்திய வைனைல் விரிப்புச் சுருங்கிவிடும் என்பதால், வங்காலையிலிருந்து பழுதுபார்க்க வந்த ஜெகதீபன் மூழ்கியே திருகாணிகளை இறுக்கினான். முகாமையாளர் அருள்நேசன் வழமைபோல அரைக்காற்சட்டையுடன் இறங்கி விளக்கைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இனியும் ஒழுகினால் கொழும்பு ஆக்களைத்தான் கூப்பிடுவன்," என்றார் கரையில் நின்ற முதலாளி சுபாஜினி.

"மேடம், நான் இறுக்கினது தானாய்க் கழண்டுபோகாது. இந்த வேலையை மட்டும் பறிச்சுப்போடாதேங்கோ."

"சரி, ரெண்டு பேரும் போங்கோ," என்றார் அருள்நேசன். "ஒழுகுதோ எண்டு ஒரு மணித்தியாலம் நான் தண்ணிக்குள்ளை நிண்டு பாக்கிறன்."

"ஒவ்வொரு முறையும் அண்ணைதான் நிண்டு பாக்கிறவர்," என்று நன்றியோடு சொன்ன ஜெகதீபன், கரையேறிக் கருவிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான். "என்ர ஸ்க்ரூ டிரைவரைக் காணேல்லை!"

அதன் மஞ்சள் கைப்பிடி, தெளிந்த தண்ணீருக்குள் அருள்நேசனின் காற்சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.



"தம்பியிலை பிழையில்லை, மேடம்," என்றார் அருள்நேசன். "நீங்கள் போனாப் பிறகு நான்தான் கழட்டிறனான். இந்த வெக்கைக்கு வேறை எப்பிடி இதுக்குள்ளை இறங்கிறது?"

"முதல்லை மேலை ஏறுங்கோ!"

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கரையில் வைத்துவிட்டு மல்லாந்து மிதந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ, மேடம். குளிச்சிட்டு வாறன்."