வெள்ளைப் புள்ளிகள்

"பாருங்க. இங்க, அப்புறம் இந்த ஓரத்துல."

டாக்டரம்மா பேனா முனையால் திரையைத் தொட்டுக் காட்டினார்.

அவள் தன் மூளையைப் பார்த்தாள். சாம்பல் நிறம். நடுவில் அரிசிக் குருணை சிந்தினாற்போல் சில வெள்ளைப் புள்ளிகள்.

பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. காலையில்தான் ஒரு வலி அடித்து ஓய்ந்திருந்தது. அப்படி ஓய்ந்தால் கொஞ்ச நேரத்துக்குத் தலைக்குள் எதுவுமே ஓடாது.

ஒற்றைத் தலைவலி பல வருஷமாக இருப்பவர்களில் சிலருக்கு இப்படிச் சின்ன மாற்றங்கள் தெரிவது உண்டாம். இதனால் புத்தி கெட்டுப்போகாதாம். மருந்து வலிக்குத்தான், புள்ளிகளுக்கு இல்லையாம். டாக்டரம்மா அதைத் திரும்பவும் சொன்னார்.

அவள் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவகுருவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

அப்பாடா, நம்பிவிட்டார்.

இதற்குத்தானே இத்தனை வருஷம் மாரடித்தாள். கண் திறக்க முடியாமல் கிடந்தால் நடிப்பு. வாந்தி எடுத்தால் வேலைக்கு டிமிக்கி. மல்லிகைப்பூ வாசனை ஆகவில்லை என்று கல்யாண வீட்டில் பூவைக் கழற்றி வைத்தால் திமிர். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்ததுதான் மிச்சம்.

போன மாதம் மகள் கவிநயாவுக்கு நாத்தனார் ஒரு வரன் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை வீட்டார் காலேஜ் படிப்பைப் பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். இவள் முடியவே முடியாது என்றுவிட்டாள். அதையும் மீறி அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பார்த்தா மண்டை பிளக்க வேண்டும்? கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் கிடந்தாள். பெண்ணைப் பெற்றவள் சம்மதிக்கட்டும், அப்புறம் பேசலாம் என்று அவர்கள் எழுந்து போனார்கள்.

என்ன நாடகம் போடுகிறாள் பாரு என்றாள் நாத்தனார். சிவகுருவும் அதையேதான் சொன்னார்.

அதனால்தான் ஸ்கேன். அவளே பிடிவாதமாகக் கேட்டு எடுத்துக்கொண்டது.

படி இறங்கும்போது சிவகுரு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மேடு பள்ளம் பார்த்து மெதுவாகப் போகச் சொன்னார் ஆட்டோக்காரரிடம். பிறகு அக்காவுக்குப் போன் போட்டார்.

"நாமதான் தப்பா நெனச்சுட்டோம்க்கா. நெஜமாவே மூளையிலதான் கோளாறு அவளுக்கு."

இன்னொரு கையால் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"வரனை வேணாம்னதும் அதனாலதான். பாவம், தெரிஞ்சா சொல்லியிருப்பா? மாப்பிள்ளை வீட்டுல அன்னைக்கு அவளுக்கு உடம்பு முடியலன்னு மட்டும் சொல்லு. ஞாயித்துக்கிழமை வரட்டும், பேசி முடிச்சுடலாம்."

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் நல்லா யோசிச்சுத்தான் சொன்னேன்."

அவளுக்கே அது வேறு யாரோ சொன்ன மாதிரி கேட்டது.

"சரிம்மா, சரி" என்றார் சிவகுரு. "நீ ஒண்ணும் போட்டுக் குழப்பிக்காத."

அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்ததே இல்லை.

வெயில் படாமல் இருக்க, உள்ளங்கையால் அவள் கண்களைப் பொத்தினார்.